சூரியன் இருக்க டீசல் ஏன்?

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் மின்பாதை வழியாகத் தென்மண்டல மின்தொகுப்பு மற்ற மண்டலங்களுடன் இணைந்தது. ஒரே தேசம், ஒரே மின்தொகுப்பு என்று டெல்லி பெருமைப்பட்டது. அந்தப் பெருமையில் அந்தமான் நிகோபார் தீவுகளுக்குப் பங்கில்லை. சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல் தாண்டி எந்த மின்கம்பியும் அங்கே போகவில்லை. 2020 ஆகஸ்டில் கடலடி கேபிள் ஒன்று போனது. அது இன்டர்நெட்டுக்கு.

ஆக, அங்கே விளக்கு எரிய டீசல் எரிய வேண்டும். இந்தியாவின் மொத்த மின் உற்பத்தித் திறனில் டீசலின் பங்கு அரை சதவீதம்கூட இல்லை. தமிழகத்துக்கும் இது பழைய கதை. சென்னை பேசின் பிரிட்ஜில் 1990களின் இறுதியில் வந்த ஜி.எம்.ஆர். வாசவியின் எண்ணெய் மின்நிலையத்துடனான ஒப்பந்தம் பின்னாளில் முடிந்துபோனது. நிலப்பகுதியில் எண்ணெய் ஆபத்துக்கு உதவும் உறவினர். தீவுகளில் அவர்தான் குடும்பத் தலைவர்.

செலவைப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 4 யூனிட் கிடைக்கும். லிட்டர் 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எரிபொருளுக்கு மட்டுமே யூனிட்டுக்கு 20 ரூபாய். எஞ்சின் தேய்மானம், சம்பளம், வழியில் ஏற்படும் மின் இழப்பு எல்லாம் தனி. கப்பலில் வந்த டீசல் சிறு தீவுகளுக்காக மறுபடி இன்னொரு படகில் ஏறுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வீட்டுக்காரர் கட்டுவது இதில் சிறு பகுதிதான். மிச்சம் மத்திய அரசின் கணக்கில் போகிறது.

இந்த மானியத்தையே வெட்ட வேண்டும் என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் மீனவர் சென்னைக்காரரைப் போலப் பல மடங்கு கட்டணம் கட்டுவது என்ன நியாயம்? என் புகார் வேறு. விலை யார் கண்ணிலும் படாததால் மாற்றுவதற்கான அவசரம் யாருக்கும் வரவில்லை. டீசலுக்கான பணம் வருடா வருடம் தானாக ஒதுக்கப்படும். மின்கலம் வாங்க வேண்டுமென்றால் கோப்பு ஊர் சுற்றி வர வேண்டும்.

முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. வடக்கு அந்தமானில் தேசிய நீர்மின் கழகம் அமைத்த 5.25 மெகாவாட் கல்போங் நிலையம் 2001-ல் இயங்கத் தொடங்கியது. 2003-ல் பாம்பூஃப்ளாட்டில் ஒரு தனியார் நிறுவனம் 20 மெகாவாட் நிலையத்துடன் வந்தது. பெயர் சூர்யசக்ரா, எரித்தது டீசல். (மொழிபெயர்த்துப் பிழைப்பவர்களுக்கு இப்படிப்பட்ட பெயர்கள் சும்மா கடந்துபோக விடாது.) நிஜமான சூரியன் 2013-ல்தான் வந்தது, காராச்சர்மாவில் தேசிய அனல்மின் கழகத்தின் 5 மெகாவாட் நிலையமாக. சில ஆண்டுகள் கழித்து, நிலக்கரிக்குப் பேர்போன நெய்வேலி நிறுவனம் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை 8 மெகாவாட் மணி மின்கலத்துடன் அமைத்தது.

விஷயமே அந்த மின்கலத்தில்தான் இருக்கிறது. சென்னை வானில் மேகம் கடந்தால் மின்தொகுப்பு கண் சிமிட்டாது. மொத்தத் தேவையே சில பத்து மெகாவாட் உள்ள தெற்கு அந்தமானில், ஒரு கருமேகம் ஊரையே தடுமாற வைக்கும். அந்தச் சில நிமிடங்களைச் சமாளிக்கவே மின்கலம். 20 மெகாவாட்டை அது 24 நிமிடம்தான் தாங்கும். மாலை ஆறு மணிக்கு மேல் மறுபடி டீசல்தான்.

டீசலை அடியோடு விரட்டவும் முடியாது. 2004 சுனாமி போல ஒன்று மின்நிலையங்களை அடித்துச் செல்லும்போது, கப்பலில் ஏற்றி இறக்கிய கையோடு ஓட்டக்கூடியது ஜெனரேட்டர்தான். அந்த வேலைக்கு அது இருக்கட்டும். தினசரி வேலையிலிருந்து விடுவிப்பதைச் சிறு தீவுகளிலிருந்து தொடங்கலாம். அங்கேதான் சுமைகூலி அதிகம், தேவை குறைவு; ஓர் இரவைத் தாங்க வாங்க வேண்டிய மின்கலமும் சிறியது.

2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற கிரேட் நிகோபார் திட்டத்தில், இன்னும் எழும்பாத நகரத்துக்காக 450 எம்.வி.ஏ. எரிவாயு-சூரிய மின்நிலையம் வரைபடத்தில் இருக்கிறது. இன்று ஆள் குடியிருக்கும் தீவுகளுக்கும் அப்படி ஒரு வரைபடம் போட்டால் என்ன?