எந்தக் கட்டடம் பாரம்பரியம் ஆகிறது?

சென்னை அண்ணா சாலையில், ஜெனரல் பேட்டர்ஸ் சாலை பிரியும் முனையில் நிற்கிறது பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். மருந்து வணிகம் செய்த டபிள்யூ.ஈ. ஸ்மித் நிறுவனத்துக்காக 1897இல் கட்டப்பட்டது. 1934இல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனபோது எல்.ஐ.சி.யின் சொத்தானது. 2006இல் எல்.ஐ.சி. அதை இடிக்க முற்பட்டபோது இன்டாக் அமைப்பு வழக்குத் தொடுத்தது. இடிக்கக் கூடாது என்று 2010இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அது பாழடைந்தே கிடந்தது.

அந்தத் தீர்ப்பு சரியானது. பழையதை இடித்துக் கண்ணாடிச் சுவர் எழுப்புவதுதான் வளர்ச்சி என்ற நம்பிக்கைக்கு அது ஒரு தடை போட்டது. அதை வரவேற்றுக்கொண்டே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கட்டடத்தின் மதிப்பு எங்கே இருக்கிறது?

இதுவரை எழுதப்பட்டவற்றில் கிடைக்கும் விடை ஒன்றுதான்: கோபுரங்கள், வளைவுகள், இந்தோ-சாரசெனிக் பாணி, வடிவமைத்தவரின் பெயர், உடைமையாளரின் பெயர். சுண்ணாம்பு அரைத்தவர்கள், செங்கல் சுமந்த சித்தாள்கள், சாரத்தில் ஏறியவர்கள் இந்த வரலாற்றில் இல்லை. அந்த மருந்துக் கடையின் வாசலைத் தாண்டி உள்ளே போனவர்கள் யார், வாசலில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பியவர்கள் யார் என்ற கேள்வியும் இல்லை. உழைப்பைக் கழித்துவிட்டு அழகை மட்டும் எண்ணும் கணக்கு இது. சாதி பழக்கிக் கொடுத்த கணக்கு.

அந்தக் கட்டடம் எழுந்த காலத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் இதே நகரத்தில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பத்தாண்டு கழித்து, 1907இல், அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைக் கொண்டுவந்தார். காலணா விலையில் வாரந்தோறும் வந்த அந்த இதழ், இந்த மண்ணின் வரலாற்றையே மாற்றிப் படிக்கச் சொன்னது. ஸ்மித்தின் கடை விற்ற மருந்தைவிட இந்தச் சமூகத்தின் நோய்க்கு நெருங்கிய மருந்து அங்கேதான் தயாரானது. நகரத்தின் பாரம்பரியம் என்று பேசத் தொடங்கியவுடன் இவற்றில் எது நம் நினைவுக்கு முதலில் வருகிறது?

2023 டிசம்பரில் கிண்டியில் பண்டிதருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால் மணிமண்டபம் அரசு தரும் மரியாதை. இதழ் பிறந்த தெரு வரலாற்றின் சாட்சி. ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது.

சாட்சியை இழந்தால் என்ன ஆகும் என்பதை மும்பை காட்டியது. தாதரில் இருந்த அம்பேத்கர் பவனும் புத்த பூஷண் அச்சகமும் 2016 ஜூன் 25 அதிகாலை இருளில் இடிக்கப்பட்டன. ‘ஜனதா’, ‘பிரபுத்த பாரத்’ இதழ்களோடு பிணைந்த அச்சகம் அது. பழுதான கட்டடம், அந்த இடத்தில் 17 மாடிகள் வரப்போகின்றன என்றார்கள். அங்கே கோபுரமும் இல்லை, வளைவும் இல்லை. எளிய பழைய கட்டடம். அதன் மதிப்பை எந்த வல்லுநரும் எடுத்துச் சொல்லத் தேவைப்படவில்லை. ஜூலை 19 அன்று மும்பைத் தெருக்களை நிறைத்த மக்கள் கூட்டமே சொன்னது.

இதில் கசப்பான பகுதியையும் நாம் மறைக்கக் கூடாது. இடிப்புக்குத் துணைநின்றவர்கள் வெளியாட்கள் அல்லர். அம்பேத்கர் தொடங்கிய அறக்கட்டளையின் பெயராலேயே அது நடந்தது. மாடிகளின் எண்ணிக்கையே மரியாதை என்ற எண்ணம் நம் வீட்டுக்குள்ளும் புகுந்திருக்கிறது. ஆதிக்கத்தின் அளவுகோலை வாங்கி நம் வரலாற்றை அளந்தால், நம் கையாலேயே நம் சுவரை இடிப்போம்.

மாற்று அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. 1979இல் ஆஸ்திரேலியாவில் உருவான பர்ரா சாசனம், ஓர் இடத்தின் மதிப்பை அழகு, வரலாறு, அறிவியல் ஆகியவற்றோடு சமூக மதிப்பையும் வைத்தே எடைபோடச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டம் கட்டடக் கலையின் பட்டியலாகச் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

எனவே சில கோரிக்கைகள். சாதி எதிர்ப்பு இதழ்கள் நடந்த இடங்கள், சங்கக் கட்டடங்கள், இரவுப் பள்ளிகள், தொழிலாளர் குடியிருப்புகள் கணக்கெடுக்கப்பட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர வேண்டும். பத்திரம் இல்லாத இடத்தில் முதியவர்களின் வாய்மொழியைச் சான்றாக ஏற்க வேண்டும். பட்டியலைத் தயாரிக்கும் குழுக்களில் கட்டடக் கலைஞர்களோடு தலித் வரலாற்று ஆய்வாளர்களும் தொழிற்சங்கத்தினரும் இடம்பெற வேண்டும்.

பாரத் இன்சூரன்ஸ் கட்டடம்? அது பொதுத்துறையின் சொத்து. பாலிசி கட்டும் கோடிக்கணக்கான எளிய மக்களின் பணம் புழங்கும் நிறுவனத்துடையது. அது சீரமைக்கப்பட வேண்டும். ஆனால் உணவகமோ நகைக்கடையோ ஆகிவிடக் கூடாது. அதன் ஒரு தளமாவது சென்னையின் உழைப்பாளர்களுக்கும் தலித் இதழியலுக்கும் உரிய ஆவணக் காப்பகமாகத் திறக்கப்படட்டும். கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் முன்வாசல் வழியாக உள்ளே போய் உட்கார்ந்து படிக்கும் நாளில், அதைப் பாரம்பரியக் கட்டடம் என்று நாமும் சொல்வோம்.