மலை ஏறுவது சுலபம், ஊரை விட்டுக் கிளம்புவதுதான் கஷ்டம்

அமெரிக்காவில் அப்பலாச்சியன் டிரெயில் என்று ஒரு நடைபாதை இருக்கிறது. தெற்கே ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் ஆரம்பித்து வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. 14 மாநிலங்கள், சுமார் 3,500 கிலோமீட்டர். முழுவதையும் ஒரே பயணமாக நடக்க ஐந்திலிருந்து ஏழு மாதம் ஆகும். அப்படிக் கிளம்புகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் முடிக்கிறார்.

மீதி மூன்று பேர் ஏன் நின்றுவிடுகிறார்கள்? கரடி, மழை, முட்டி வலி, பணம் தீர்ந்தது என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த முடிவுக்கு மிகவும் தோதான இடம் மலை உச்சி அல்ல, ஊரில் இருக்கும் லாட்ஜ் கட்டில் என்பது என் கருத்து.

இந்தப் பாதையில் நடப்பவர்கள் நாலைந்து நாள் சாப்பாட்டைத்தான் முதுகில் சுமக்கிறார்கள். அது தீர்ந்ததும் ஊருக்கு இறங்கியாக வேண்டும். குளியல், துணி துவைத்தல், மளிகை, செல்போன் சார்ஜ், பிறகு ஒரு முழு பீட்சா. ஒரு மைல்கூட நடக்காமல் ஊரிலேயே கழிக்கும் நாளுக்கு 'ஜீரோ' என்று பெயர். கொஞ்ச தூரம் மட்டும் நடக்கும் நாள் 'நீரோ', அதாவது கிட்டத்தட்ட ஜீரோ. பிடில் வாசித்த நீரோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஊரில் ஓய்வெடுப்பதே கோழைத்தனம், காட்டுக்குப் போனவன் காட்டிலேயே இருக்கவேண்டும் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வட கரோலினாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ், வர்ஜினியாவின் டமாஸ்கஸ் ஆகிய ஊர்களில் இந்தப் பாதை கடைத்தெரு வழியாகவே போகிறது. 1955ல் தன் 67வது வயதில் தனியாக முழுப் பாதையையும் நடந்து முடித்த எம்மா கேட்வுட் பாட்டி, டென்டுகூட இல்லாமல், கையால் தைத்த ஒரு துணிமூட்டையோடு போனவர். வழியில் முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் சாப்பிட்டார், தூங்கினார். அவர் நடந்ததை யாராவது குறைவாகச் சொல்ல முடியுமா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1921ல் இந்தப் பாதைக்கான யோசனையைக் கட்டுரையாக எழுதிய பென்டன் மெக்காய், நகரத்தில் வேலை செய்து களைத்தவர்கள் மலைக்கு வந்து இளைப்பாற வேண்டும் என்றுதான் நினைத்தார். இன்று மலையில் களைத்தவர்கள் இளைப்பாற ஊருக்கு வருகிறார்கள்! ஆக, ஊரும் மலையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

அப்படியானால் பிரச்சனை எங்கே? கிளம்புவதில்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊர்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. அதனால் ஊரை விட்டதும் ஏற்றம். ஹாட் ஸ்பிரிங்ஸிலிருந்து வடக்கே போனால், ஆற்றங்கரையில் சிறிது தூரம் நடந்ததுமே லவர்ஸ் லீப் பாறைக்கு ஏறவேண்டும். அதே நாளில்தான் பையும் அதிக கனம், புதுச் சாப்பாடு முழுவதும் உள்ளே இருக்கிறது. காலோ ஓய்வில் விறைத்துப் போயிருக்கிறது. அறை ஜன்னல் வழியே மழை வேறு தெரிகிறது. "சரி, இன்னும் ஒரு நாள்" என்று மனம் சொல்லும். அந்த ஒரு நாள் மூன்று நாள் ஆகும். இப்படி ஆளைப் பிடித்துவைக்கும் ஊர்களை நடப்பவர்கள் 'சுழல்' என்றே சொல்கிறார்கள்.

கணக்கும் சும்மா விடாது. 160 நாளில் முடிப்பதாக வைத்துக்கொண்டால் தினம் சுமார் 22 கிலோமீட்டர். அதில் 20 நாள் ஜீரோ என்றால் மீதி நாட்களில் தினம் 25 கிலோமீட்டர். குளிர்காலம் வருவதற்குள், அதாவது அக்டோபர் பாதிக்குள், கட்டாடினில் ஏறிவிட வேண்டும். ஊரில் தூங்கிய தூக்கத்துக்கு மெய்ன் மாநிலம் வட்டியோடு வசூலிக்கும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். ஊருக்குள் நுழையும்போதே எப்போது கிளம்புவது என்று முடிவு செய்துவிட வேண்டும். காலையில் முடியாவிட்டால் மாலையில் கிளம்பலாம். ஐந்து கிலோமீட்டர் நடந்து டென்டில் படுத்தாலும் போதும், சுழலிலிருந்து வெளியே வந்தாயிற்று. முக்கியமாக, பயணத்தை விட்டுவிடும் முடிவைக் கட்டிலில் எடுக்கக்கூடாது. மெத்தையையும் ஏற்றத்தையும் அருகருகே வைத்துக் கேட்டால் யாருக்குமே மெத்தைதான் பிடிக்கும். திரும்பிப் போய் இரண்டு நாள் நடந்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், அது உண்மையான பதில். அப்போது விட்டால் அதில் வெட்கம் எதுவும் இல்லை.

எலும்பில் அடி, காய்ச்சல் என்றால் இந்த விதி பொருந்தாது. உடம்பு கேட்கும் ஓய்வையும் மனம் கேட்கும் ஓய்வையும் பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான். ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை இரவு பஸ் ஏற மனமில்லாமல் வயிற்றுவலி என்று சொன்ன எல்லோருக்கும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். (நானும் சொல்லியிருக்கிறேன்.)

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்தபோது ஹாட் ஸ்பிரிங்ஸும் டமாஸ்கஸும் வெள்ளத்தில் மூழ்கின. பாதையிலும் எக்கச்சக்கமாக மரங்கள் சாய்ந்தன. அடுத்த வசந்தத்தில் நடப்பவர்கள் மறுபடி வந்தார்கள். அந்தக் கடைக்காரர்களுக்கு அவர்கள் வருவது முக்கியம், வருகிறவர்கள் மறுபடி மலைக்குக் கிளம்புவதும் முக்கியம். எல்லோரும் அங்கேயே தங்கிவிட்டால் அது எப்படிப் பாதையோரத்து ஊர் ஆகும்?