பூரணம் தானே வேகட்டுமே!

2024 ஒக்டோபர் நடுப்பகுதியில் ரொறன்ரோவிலிருந்து தங்கையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். கனடாவில் அப்போது நன்றி நவிலும் நாள் விடுமுறை. தோழியர் கூடிய விருந்துக்குத் தன் பங்காக அவள் செய்து கொண்டுபோனது 'ஸ்டஃபிங்'. வான்கோழியின் வயிற்றில் அடைப்பதற்கென்று ஏற்பட்ட பண்டம் அது. காய்ந்த பாண் துண்டுகள், வெங்காயம், செலரித் தண்டு, வெண்ணெய், சேஜ் எனும் வாசனை இலை. விருந்தன்று போறணையைக் கோழி அடைத்துக்கொள்வதால் பலரும் இப்போது இதனைத் தனியே 'ஸ்லோ குக்கர்' என்ற மின்சட்டியில் வைத்துவிடுகிறார்களாம். நான்கு மணி நேரம் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை என்றாள்.

"மாமா, அம்மாவுக்கும் இப்படி ஒண்ணு அனுப்பட்டுமா? தீபாவளிக்குச் சுசியத்துப் பூரணத்தை ராத்திரியே வச்சுட்டு அவங்க தூங்கலாமே?"

நல்ல யோசனை என்றேன். மறுநாள் தங்கையிடம் சொன்னபோது மறுமுனையில் சற்று நேரம் மௌனம். பிறகு தணிந்த குரலில், "அதுல வெந்தா சாமிக்கு ஆகுமான்னு அத்தை கேக்குறாங்கண்ணே" என்றாள்.

அத்தை என்பது அவளுடைய மாமியார். எண்பதைத் தாண்டியவர். ஹற்றனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில் ஐம்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் கொழுந்தெடுத்தவர். அவருடைய கேள்வியை எளிதாக எடுத்துக்கொள்ள என்னால் இயலவில்லை. இந்தப் பதிவே அதற்கான பதில்தான்.

ஸ்டஃபிங் என்றால் என்னவென்று மருமகள் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. என் தாத்தா ஒரு துரை பங்களாவில் அப்புவாக இருந்தவர். நத்தார் இரவில் கோழிக்குள் பாண்தூளும் வெங்காயமும் கலந்து அடைத்து நூலால் தைக்கும் விதத்தை, காற்றில் ஊசி போட்டுக் காட்டிச் சொல்லுவார். தாம் அதை உண்டதாக ஒருநாளும் சொன்னதில்லை. பாத்திரம் கழுவி லயத்துக்குத் திரும்ப நள்ளிரவாகிவிடும். ஒருவர் பெருநாளை இன்னொருவர் அடுப்படியில் நின்று நடத்திக் கொடுப்பது மலைநாட்டுக்குப் புதிதல்ல.

லயத்துக்குள்ளேயும் அதேதான் நடந்தது என்பதை நான் வெகுகாலம் காணவில்லை. 1980களில் ஒரு நாளிதழின் தீபாவளி மலருக்கு 'மலையகத்துப் பலகாரங்கள்' என்று அரைப்பக்கக் கட்டுரை எழுதினேன். சுசியம் பொரியும் வாசனை, முறுக்குப் பிழியும் ஓசை, பனியில் எழும் புகை எல்லாம் அதில் இருந்தன. அம்மா எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது மட்டும் இல்லை. கேட்கத் தோன்றவில்லை. நிருபனாகப் பிறரை ஆயிரம் கேள்விகள் கேட்டவன் நான்.

இப்போது கேட்டறிந்ததைச் சொல்கிறேன். 2024இல் தீபாவளி ஒக்டோபர் 31, வியாழக்கிழமை. புதன்கிழமை வேலை நாள். தங்கை காலையில் பிரட்டுக்குப் போய், மலையேறி, பதினெட்டுக் கிலோவுக்கு மேல் கொழுந்து நிறுத்துக் கொடுத்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மாலை ஐந்துக்கு வீடு. பிறகு கறிப் பங்கு வாங்க வேண்டும், முறுக்குக்கு மா பிசைய வேண்டும், லயத்து வாசலைக் கழுவ வேண்டும். விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்கு முன் பலகாரம் முடிய வேண்டும் என்றால் இரண்டு மணிக்கு எழுந்து பருப்பை அடுப்பில் ஏற்ற வேண்டும். எரிப்பது கவ்வாத்து மிலாறு. ஒக்டோபர் மழையில் நனைந்த மிலாறு எப்படிப் புகையும் என்பது லயத்துக் காம்பராவில் கண் கசக்கியவர்களுக்குத் தெரியும். இந்தப் பண்டிகைச் செலவுக்கு அவளிடம் இருப்பதோ தீபாவளி முற்பணம். பின்னால் சம்பளத்தில் தவணை தவணையாகக் கழித்துக்கொள்ளப்படும் பணம். அதாவது, தன் நாளைய உழைப்பில் கடன் வாங்கி, தன் இன்றைய உறக்கத்தையும் சேர்த்துப் போட்டுத்தான் அவள் எங்களுக்குச் சுசியம் தருகிறாள்.

பருப்பு வேகாமைக்கு மிலாறு மட்டும் காரணமன்று. ஹற்றன் கடல் மட்டத்திலிருந்து 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. தண்ணீர் 100 பாகையை எட்டும் முன்பே கொதித்துவிடுகிறது. ஹற்றனில் ஏறத்தாழ 96 பாகை, நுவரெலியாவில் 94. எவ்வளவு விறகை அடைத்தாலும் மூடாத சட்டி அதற்கு மேல் சூடேறாது. கொழும்பில் முக்கால் மணியில் மலரும் கடலைப்பருப்பு இங்கே அடம்பிடிப்பது அதனால்தான். "மலைத்தண்ணிக்குப் பருப்பு வேகாது" என்று அம்மா சொன்னதில் பாதி உண்மை. குற்றம் தண்ணீரில் இல்லை, மலையில்.

பிரஷர் குக்கர் இருக்கிறதே என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். காஸ் அடுப்பும் பிரஷர் குக்கரும் உள்ள வீட்டில் இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், எரிபொருளும் மிச்சம். அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. மிலாறு அடுப்பில் தீயைக் கூட்டிக் குறைத்து விசில் எண்ணுவது வேறு வேலை. அதற்கும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். மின்சட்டியின் சிறப்பு அதன் வேகத்தில் இல்லை. காவல் தேவைப்படாததில்தான் இருக்கிறது.

அந்தச் சட்டி பிறந்த கதையை அத்தைக்குச் சொன்னேன். அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்ற யூதப் பொறியாளர் அதற்கு 1940இல் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் வளர்ந்த தம் தாயார் சொன்ன ஒரு நினைவே தூண்டுதல் என்பது அவர் கூற்று. யூதருக்கு வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வுநாள். தீ மூட்டுவதும் கூடாது. ஆகவே வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் இறைச்சியும் பயறும் இட்ட சட்டியை ஊர்ப் பேக்கரிக்குக் கொண்டுபோவார்கள். ஆறிக்கொண்டே வரும் போறணைச் சூட்டில் அது இரவெல்லாம் தானே வெந்து மறுநாள் உணவாகும். பிற்பாடு 1971இல் ரைவல் நிறுவனம் 'கிராக்-பாட்' என்ற பெயரில் விற்று அதனை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. ஆக, சமைப்பவளும் ஓய்ந்திருக்க வேண்டும் என்று ஒரு மதம் இட்ட கட்டளையிலிருந்து முளைத்த கருவி அது. சாமிக்கு ஆகாதது என்று எப்படிச் சொல்வது?

அத்தை உடனே இறங்கி வரவில்லை. "நம்ம சாமி தூங்கச் சொல்லலியே" என்றார்.

கனடாவிலிருந்து அனுப்புவதை மட்டும் நான் தடுத்துவிட்டேன். புலம்பெயர்ந்த வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே மின்னழுத்தம் 120 வோல்ற், இங்கே 230. அங்கத்திய 200 வாட்ஸ் சட்டியை இங்கே நேரே செருகினால் ஏறத்தாழ நான்கு மடங்கு மின்சாரம் பாய்ந்து கருகிவிடும். லயன் வீடுகளில் பழைய இணைப்புகளைப் பலர் பகிர்ந்துகொள்ளும் நிலையில் அது விளையாட்டுக் காரியமன்று. மின்னொழுக்கால் எரிந்த லயன்களைப் பற்றி நானே செய்தி எழுதியிருக்கிறேன். கொழும்பில் வாங்கிய மூன்றரை லீற்றர் சட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். குறைந்த சூட்டில் அது 150 வாட்ஸ் எடுக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு 1.2 அலகு. தண்ணீர் சுடவைக்கும் கேத்தல் ஒரே மூச்சில் இழுப்பது 1,500 வாட்ஸுக்கு மேல். எனவே லயத்து வயருக்கு இந்தச் சட்டி பாரமில்லை. நீட்டிப்பு வயரில் மாட்டாமல் சுவர்ச் செருகியில் நேரே மாட்டி, தரையோட்டின் மேல் வைத்தோம்.

செய்முறையில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். அரைக் கிலோ கடலைப்பருப்பைக் கழுவி, இரண்டு விரற்கடை உயரத்துக்கு மட்டும் வெந்நீர் ஊற்றினோம். அடுப்புச் சட்டியில் போல் தண்ணீர் இதில் ஆவியாகிப் போவதில்லை. அதிகம் விட்டால் காலையில் கஞ்சிதான் கிடைக்கும். இரவு எட்டரைக்குக் குறைந்த சூடு. காலை ஐந்தரைக்கு எடுத்தோம். மலையுயரத்தை எண்ணி ஒரு மணி நேரம் கூடுதலாகவே விட்டேன். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். பார்வைக்குப் பருப்பாகவே இருக்க வேண்டும். நீரை வடித்து ரசத்துக்கு வைத்துக்கொண்டோம்.

இனிப்பை முதலிலேயே போட்டுவிட்டு உறங்கலாமே என்று மருமகள் கேட்டாள். கூடாது. கருப்பட்டி சேர்ந்த நீரில் பருப்பு எத்தனை மணி நேரமானாலும் விறைத்தே நிற்கும். வெந்த பின்பே நானூறு கிராம் கித்துள் கருப்பட்டியைச் சீவிப் போட வேண்டும். தேங்காய்ப்பூவும் அப்படியே, ஒரு காயைத் திருவித் தாச்சியில் ஈரம் போக வறுத்துக் கடைசியில் சேர்த்தோம். இரவெல்லாம் தேங்காய் வெந்தால் காறல் மணம் வரும். ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. பிறகு மூடியைத் திறந்து வைத்து, அதிக சூட்டில் முக்கால் மணி நேரம் இடையிடையே கிளறினோம். உருட்டினால் கையில் ஒட்டாமல் வர வேண்டும். ஈரமான பூரணம் எண்ணெயில் வெடிக்கும்; அத்தையின் முன்னங்கையில் அப்படியொரு தீபாவளியின் தழும்பு இன்னும் இருக்கிறது. பாண் ஸ்டஃபிங்கிலும் சூட்சுமம் ஏறக்குறைய இதுவேயாம். பாணை முன்கூட்டியே நன்றாகக் காயவைக்காவிட்டால் மூடிக்குள் சுற்றும் ஆவியில் களியாகிவிடும்.

(பருப்புக்குப் பதில் சிவப்பு ராஜ்மா போட எண்ணுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே இச்சட்டியில் இட வேண்டும். குறைந்த சூட்டில் அதன் நச்சு அழியாது. வாந்தியும் பேதியும் வரும்.)

எல்லாராலும் இதை வாங்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. 2024 செப்டெம்பரில்தான் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. இந்தச் சட்டிக்குப் பல நாட்பேர் கொடுக்க வேண்டும். மின்கட்டணம் 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் ஏறிய ஏற்றத்தையும் மறப்பதற்கில்லை. ஆனால் வழி இருக்கிறது; அதை எனக்குக் கற்பித்தவர் அத்தைதான். நாலு மணி நேரம் ஊறிய பருப்பைக் கனத்த சட்டியின் விளிம்புவரை நீரோடு ஏற்றிக் கால்மணி நேரம் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமலே இறக்கி, கொழுந்துக்குப் போகும்போது போர்த்தும் பழைய கம்பளியால் மூன்று சுற்றுச் சுற்றி, சாம்பல் கனன்றுகொண்டிருக்கும் அடுப்போரத்தில் வைத்துவிடுவாராம். காலையில் ஒரு கொதி விட்டால் போதும். போர்க்காலப் பிரித்தானியாவில் எரிபொருளை மிச்சப்படுத்த வைக்கோல் பெட்டிக்குள் சட்டியை வைத்துச் சமைத்த முறையும் இதுவே.

"அப்படியானால் நீங்களும் தூங்கிக்கிட்டே சமைச்சவங்கதானே?" என்று கேட்டேன்.

"கைப்பிள்ளைக்காரியா இருந்தப்போ" என்றார். "ரெண்டு வருசம். அப்புறம் மாமியார் பாத்துட்டாங்க. கம்பளியில சுத்துனது படையலுக்கு ஆகாதுன்னுட்டாங்க."

அறுபது ஆண்டுக்கு முந்தைய அந்த வசவைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் எதுவும் பேசவில்லை.

மரபைக் காக்க வேண்டும் என்று எழுதுவோர் எங்கள் துறையில் மிகுதி. நானும் அவ்வாறு எழுதியவன். ஆட்டுக்கல்லின் சுவை மின்னரைப்பானில் வராது, விறகடுப்பின் மணம் காஸில் வராது என்பார்கள். இருக்கலாம். அதை எழுதும் கை ஆட்டுக்கல்லைச் சுற்றியதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். பூரணத்தின் ருசி பருப்பு, கருப்பட்டி, தேங்காய் ஆகியவற்றின் அளவில் இருக்கிறது. ஒரு பெண் இரண்டு மணிக்கு எழுந்து புகையில் நின்றதால் அதில் ஒரு துளியும் இனிப்புக் கூடுவதில்லை. இப்படிச் சொல்வதால் சில நண்பர்கள் என்னிடம் வருத்தப்படுவார்கள். படட்டும்.

அந்த வியாழக்கிழமை தங்கை ஐந்தேகாலுக்கு எழுந்தாள். திருமணமான பின் தீபாவளியன்று தான் அவ்வளவு நேரம் உறங்கியதில்லை என்றாள். உருண்டை பிடித்தது நான். ஒன்றுக்கொன்று அளவு ஒத்துவரவில்லை. கோதுமை மாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கரைத்துத் தோய்த்து அவள் பொரித்தாள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. முதல் ஐந்தைத் தட்டில் எடுத்துச் சாமிப் படத்தின் முன் அத்தையே வைத்தார். கும்பிட்டு முடிந்ததும் ஒன்றைப் பிட்டு வாயிலிட்டு வெகுநேரம் மென்றார்.

"ஏலக்காய் பத்தலை. அடுத்த வருசம் இன்னும் ரெண்டு தட்டிப் போடு" என்றார் மருமகளிடம். பிறகு என் பக்கம் திரும்பி, அந்தச் சட்டியில் கொள்ளு வேகுமா என்று கேட்டார்.