தனி அறை இல்லாதவர்களின் பட்டப்படிப்பு

ஜூலைச் சேர்க்கை தொடங்கியதும் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பிக்கும். இணையவழியில் கல்லூரிப் படிப்பில் சேருவதற்கு முன் என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் பட்டியல். அமைதியான ஒரு தனி அறையை ஒதுக்கிக்கொள்ளுங்கள். நல்ல மேசை, நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். தடைபடாத இணைய இணைப்பு வேண்டும். வீட்டாரிடம் உங்கள் படிப்பு நேரத்தைச் சொல்லிவையுங்கள், அந்த நேரத்தில் தொந்தரவு செய்ய மாட்டார்கள். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். அவருடைய வீட்டில் எத்தனை அறைகள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

திருக்கழுக்குன்றம், திருப்போரூர், கூவத்தூர் பக்கத்துச் சேரிகளில் நான் தினமும் போய்வரும் வீடுகளைச் சொல்கிறேன். ஒரு தொகுப்பு வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, மழைக்கு ஒழுகும் கூரை. ஐந்து பேர். டேட்டா போட்ட போன் ஒன்றுதான், அதையும் இரவு ஷிப்டுக்குப் போகும் அண்ணன் கொண்டுபோய்விடுவான். மறைமலைநகர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் பெண், கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கவே மணி ஏழரை ஆகிவிடும். தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பாத்திரம் கழுவி நிமிர்ந்தால் பத்து. "வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்" என்றால் யாரிடம் சொல்வாள்? அந்த வீட்டின் வேலையே அவள்தானே.

2017-18ஆம் ஆண்டு தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியாவின் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 100க்கு 4 சொச்சம்தான். நகரத்தில் 23. அதற்குப் பிறகு கைபேசி எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது, உண்மை. ஆனால் ஆறு அங்குலத் திரையில் புள்ளியியல் படித்து, அதிலேயே பத்துப் பக்க ஒப்படைப்பை அடித்து அனுப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், கைபேசி கணினி ஆகாது என்று.

இதையெல்லாம் சொல்லிவிட்டு "ஆகவே சேராதீர்கள்" என்று முடிக்கப் போவதில்லை. சேர வேண்டும். மாமல்லபுரம் ரிசார்ட்டுகளில் அறை துடைக்கும் பெண்கள், சிற்பக் கூடங்களில் கல்லுக்குப் பாலிஷ் போடும் பையன்கள், கல்பாக்கத்தில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் என்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அதே ஜூனில் சம்பளத்துக்குப் போனவர்கள் நம்மிடம் ஏராளம். "அக்கா, வேலைய விடாம ஒரு டிகிரி முடிச்சிடலாமா?" என்று அவர்கள் கேட்கும்போது முடியாது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைக்கு நேரடிக் கல்லூரியில் இடம் கிடைக்க வாய்ப்பிருக்கும்போது, "வீட்டிலிருந்தே படிக்கலாமே, செலவு குறைவு" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விடுதி, நூலகம், நண்பர்கள், மாணவர் அமைப்பு, ஊரை விட்டு வெளியே வரும் பேருந்து எல்லாம் சேர்ந்ததுதான் கல்லூரி. ஊருக்கு வளாகம், சேரிக்குத் திரை என்று ஒரு புதுப் பிரிவினை சத்தமில்லாமல் வந்துவிடும் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

திரைக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் படித்த காலத்தைத் தன் வரலாற்றுச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய எல்லோரும் பிராமணப் பிள்ளைகளாக இருந்த பள்ளி. சாதியும் வீடும் தெரிந்துவிடுமோ என்று பயந்து, மணி அடிக்கும்வரை வெளியிலேயே நின்று படிப்பார். பள்ளி விட்டதும் மற்ற பிள்ளைகள் எட்டிப்பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடப்பார். நூற்றைம்பது வருடம் ஆகப்போகிறது. "உங்க ஏரியா எது?" என்ற கேள்விக்கு இன்றும் பதில் தயாரித்துக்கொண்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இணைய வகுப்பில் யாரும் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்கப் போவதில்லை. அந்த நிம்மதி பெரியது. ஆனால் கேமராவைப் போடச் சொன்னதும் பின்னால் தெரியும் சுவரைப் பார்த்து அணைத்துவிடுகிறார்கள். வேகமாக நடந்து தப்பித்ததற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

சரி, தயாரிப்புக்கு வருவோம். நம் வீடுகளில் தயாரிப்பு மேசையிலிருந்து தொடங்காது, காகிதத்திலிருந்துதான் தொடங்கும்.

2024 சேர்க்கையிலிருந்து தொலைநிலை, இணையவழி இரண்டுக்குமே பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் 'டெப் ஐடி' கட்டாயம். அதை எடுக்க 'ஏபிசி ஐடி' எனப்படும் கல்வி வரவுக் கணக்கு வேண்டும். அதற்கு ஆதார் வேண்டும். இங்கேதான் இடிக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், அல்லது அப்பா பெயரே வேறு எழுத்தில் இருக்கும். இதைச் சரிசெய்ய இ-சேவை மையத்துக்கு இரண்டு நடை, அதாவது இரண்டு நாள் கூலி. கடைசி வாரத்தில் ஓடாமல் இரண்டு மாதம் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் இருளர் குடும்பங்களின் பாடு தனி. பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். விசாரணை என்ற பெயரில் மாதங்கள் ஓடும். பூஞ்சேரியில் 2021 தீபாவளியன்று முதலமைச்சரே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். ஒரு காகிதத்துக்கு அவ்வளவு பெரிய ஆள் வர வேண்டியிருந்தது. நரிக்குறவர்கள் 2023 ஜனவரியில்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். கையில் இருப்பது பழைய மிகப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

அடுத்தது, எங்கே சேருவது? தெருமுனையில் பேனர் கட்டி "மூன்றே மாதத்தில் டிகிரி" என்று எழுதியிருக்கும் இடத்தில் பத்து ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஒரு பல்கலைக்கழகம் தன் தொலைநிலைப் படிப்பைத் தனியாருக்குக் குத்தகைபோல் விட விதி அனுமதிக்காது. எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு அங்கீகாரம் இருக்கிறது என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்வி இணையதளத்தில் ஆண்டுவாரியாகப் போட்டிருக்கிறார்கள். போன வருடம் இருந்தது என்பது இந்த வருடத்துக்குச் செல்லாது. உளவியல் படிக்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் அதிகம். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியல், ஊட்டச்சத்தியல், நுண்ணுயிரியல் போன்றவற்றைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று மானியக் குழு நிறுத்திவிட்டது. யாராவது இப்போதும் விற்றால் அது வெறும் தாள்.

இன்னொன்று, இது வயிற்றில் அடிக்கும் விஷயம். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமலேயே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் நம்மில் உண்டு. 2009 ஆகஸ்டில் வந்த தமிழ்நாடு அரசாணை 107இன்படி, பத்து, பன்னிரண்டு, பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் வந்தால்தான் அரசு வேலைக்குத் திறந்தநிலைப் பட்டம் செல்லும். டிஎன்பிஎஸ்சி கனவு இருந்தால் முதலில் பன்னிரண்டைத் தனித்தேர்வராக எழுதி முடியுங்கள். பள்ளிக்கூடம் எட்டாமல் போனவர்களைத்தான் இந்த வரிசை வெளியே நிறுத்துகிறது, அதனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனால் விதி மாறும்வரை அதற்குள்தான் நம் பிள்ளைகள் விண்ணப்பம் போட வேண்டியிருக்கிறது.

தொலைநிலை, இணையவழி இரண்டும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள். தொலைநிலையில் பாடப்புத்தகம் கையில் வரும், கற்றல் உதவி மையத்தில் தொடர்பு வகுப்பு நடக்கும். இணையவழியில் எல்லாம் திரையில்தான். தொடர்பு வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறு. மாமல்லபுரத்தில் சனி, ஞாயிறுதான் கூட்டம், அன்றைக்கு ரிசார்ட்டில் லீவு கேட்டால் வேலையே போகும். சென்னையில் அலுவலகம் போகிறவர்களை மனதில் வைத்துப் போட்ட அட்டவணை இது. கடற்கரையில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த வகையில் இணையவழி கொஞ்சம் மேல். எதுவானாலும் தேர்வு நாட்களை எண்ணி, அத்தனை நாள் கூலியையும் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்ந்தவர்கள்தான் இரண்டாவது செமஸ்டரில் நிற்கிறார்கள்.

கணக்கு வரும், ஆங்கிலம் சமாளிக்கலாம் என்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரப் பாடம், பிறகு ஒரு தகுதித் தேர்வு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, தாட்கோவும் ஆட்களைச் சேர்த்துவிடுகிறது. கிண்டியின் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று பார்த்த படிப்பு அது. விசாரித்துப் பாருங்கள்.

பணத்துக்கு வருகிறேன். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். அஞ்சல்வழியில் படிக்கிறவர்களை அந்தத் திட்டம் ஒதுக்கிவைக்கவில்லை. 2010ஆம் ஆண்டு விதிகளிலேயே கட்டணத்தோடு ஆண்டுக்கு 1,200 ரூபாய் புத்தகப் பணமும் எழுதப்பட்டிருந்தது. "தொலைதூரக் கல்விக்குக் கிடையாதும்மா" என்று யாராவது வாயால் சொல்லி அனுப்பினால், அதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் எழுதித் தர மாட்டார்கள்.

ஆனால் மாநில அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் கதவு வெளிப்படையாகவே மூடியிருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். 2022இல் வந்த நல்ல திட்டம், இதனால் கல்லூரியில் நிலைத்தவர்களை நானே பார்க்கிறேன். தொலைநிலையில் படித்தால் இந்தப் பணம் கிடையாது. கல்லூரிக்குப் போக வசதியில்லாததால்தானே அவள் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறாள்? அதே அரசுப் பள்ளி, அதே ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. அந்த ஆயிரம் ரூபாயில் டேட்டா ரீசார்ஜும் தேர்வுக்குப் போகும் பஸ் செலவும் அடங்கிவிடும். திட்டத்தின் பலனை அதிகம் தேவைப்படும் பெண்ணிடமிருந்து எடுத்துவிட்டு அதைப் பெண் கல்வி என்று முழுமையாகக் கொண்டாட முடியவில்லை.

இனி அந்தத் தனி அறை. அறிவுரை சொல்கிறவர்களுக்கு அது மேசையை எங்கே போடுவது என்ற பிரச்சினை. நமக்கு அது நிலப் பிரச்சினை. இதே செங்கல்பட்டின் ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதி, அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. அந்த நிலம் எங்கே போனது என்று கேட்டுத்தான் காரணை மக்கள் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். மூன்று சென்ட் மனையில் ஐந்து பேர் படுக்கும் அறையில் உட்கார்ந்து ஒரு பெண் செமஸ்டர் எழுதத் தயாராகிறாள் என்றால், அந்த அறை ஏன் அவ்வளவு சிறியது என்பதற்கு நூற்று முப்பது வருடக் கோப்பு இருக்கிறது.

வீட்டில் அறை வரும்வரை காத்திருக்க முடியாது. ஊர் முழுவதற்கும் ஒரு அறையாவது வேண்டும். சென்னை கொளத்தூரில் 2024இல் 'முதல்வர் படைப்பகம்' திறந்தார்கள். மேசை, இணையம், படிக்க அமைதி எல்லாம் இருக்கிறது. அதில் நூறில் ஒரு பங்கு பூஞ்சேரிக்கும் மானாமதிக்கும் போதும். ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கு என்று அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் ஐந்தாண்டுக்கு 1,000 கோடி ரூபாய் 2023இல் அறிவித்தார்கள். சாலை போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு சமுதாயக் கூடத்தில் நான்கு கணினியும் வையுங்கள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வடம் இழுக்கும் வேலையை அரசு எடுத்திருக்கிறது. வடம் ஊராட்சி அலுவலகத்தில் வந்து நிற்கும். அலுவலகம் பெரும்பாலும் ஊரில் இருக்கும், சேரி அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். சொல் போகட்டும், மகிழ்ச்சி. அந்த அரைக் கிலோமீட்டர் வடமும் வரட்டும்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒரு தீர்மானம் வையுங்கள் தோழர்களே. பொதுவாக "கல்வி வசதி வேண்டும்" என்று எழுதினால் பதிவேட்டில் போட்டு மூடிவிடுவார்கள். ஊராட்சியின் இணைய இணைப்பைச் சேரிச் சமுதாயக் கூடம்வரை நீட்டிக்க வேண்டும், நான்கு கணினி வேண்டும், தினமும் இரவு 7 முதல் 10 வரை விளக்கோடு கூடம் திறந்திருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். ஊரில் தொலைநிலையில் படிக்கிறவர்களின் பெயர்ப் பட்டியலை இணைத்து, தீர்மான நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். கூடத்தின் சாவி தலைவர் வீட்டில் இருக்கக் கூடாது, மகளிர் குழுவிடம் இருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். இரவு பத்து மணிக்குப் படித்துவிட்டு வரும் பெண்ணோடு தெருமுனைவரை நடந்து வரப்போவது அவர்கள்தான்.