குறுஞ்செய்தி யாருடைய எண்ணுக்கு வருகிறது?

ஆவடியை அடுத்து, விமானப்படை நிலையத்தை ஒட்டியிருக்கும் முத்தாபுதுப்பேட்டையின் சுற்றுவட்டாரத்தில் வயல்கள் மனைகளாகி வெகுகாலம் ஆகிறது. பத்திரம், பட்டா, வில்லங்கம், மனைப்பிரிவு அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகுதான், தாங்கள் வாங்கியது எப்படிப்பட்ட மனை என்பதே தமிழ்நாடு முழுக்கப் பலருக்குத் தெரிந்தது.

இன்று வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பட்டாவை வருவாய்த் துறையின் தளத்தில் எந்நேரமும் எடுக்கலாம். முன்பணம் கொடுக்கும் முன் கால் மணி நேரம் போதும். (பதிவாகாத கடன் வில்லங்கத்தில் தெரியாது, மூலப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டத்தான் வேண்டும்.) ஆனாலும் தரகர் நீட்டும் ஜெராக்ஸை நம்பித்தான் பணம் கைமாறுகிறது.

காரணம் அக்கறையின்மை அல்ல. இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கும் முதியவரைப் பாருங்கள். கைப்பேசி எண் கேட்கிறார்கள். அவருக்கு எண் நினைவில்லை. ஓடிபி எடுக்கவும் தெரியாது. பக்கத்தில் இருக்கும் யாருடைய எண்ணோ பதிவாகிறது. மனு ஏற்கப்பட்டதா, தள்ளுபடியானதா என்ற குறுஞ்செய்தியும் அந்த எண்ணுக்கே போகும். இவர் மாதக்கணக்கில் அலைவார்.

வசதி இருந்தும் பயன்படுத்தத் தெரியாத இந்த இடைவெளி பண மோசடியில் இன்னும் கொடுமையானது. பணம் போன உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழைத்தால், அது அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு வீட்டில் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். மோசடிக்காரர்கள் சொல்லி மிரட்டும் 'டிஜிட்டல் கைது' என்பது எந்தச் சட்டத்திலும் கிடையாது. வீடியோ அழைப்பில் யாரும் யாரையும் கைது செய்ய முடியாது.

புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், வருமானம் எவ்வளவு என்று பாராமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச வக்கீல் உதவி பெறும் உரிமையைத் தருகிறது. இது தெரியாமல் தாலியை அடகு வைத்து வழக்கு நடத்துகிற பெண்கள் இருக்கிறார்கள்.

ஆண்டுதோறும் நவம்பர் 9 அன்று சட்டப் பணிகள் தினம் கொண்டாடி, முகாம் நடத்தி, துண்டறிக்கை கொடுப்பது போதாது. சட்டம் சொற்பொழிவில் மனத்தில் நிற்காது. அவரவர் கைப்பேசியில், அவரவர் சர்வே எண்ணைப் போட்டுப் பார்க்கும்போதுதான் நிற்கும். திருவள்ளூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, வாரத்தில் ஒரு நாளாவது ஒரு சட்டத் தன்னார்வலரை இ-சேவை மையத்தில் உட்கார வைக்க வேண்டும். விண்ணப்பத்தில் சொந்த எண்ணைப் பதிவு செய்ய வைப்பதே அவருடைய முதல் வேலையாக இருக்கட்டும்.

அதுவரை, வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியில் 1930, இலவசச் சட்ட உதவிக்கான 15100 ஆகிய இரண்டு எண்களையும் இன்றே பதிந்து கொடுங்கள்.