மடிக்கணினி பழையதானதா, பழையதாக்கப்பட்டதா?

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சென்று படிக்கும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு மடிக்கணினி ஆடம்பரப் பொருள் அல்ல. பாடநூலும் குறிப்பேடும் வேலைக்கான விண்ணப்பமும் அதற்குள்தான் இருக்கின்றன. ஏழெட்டு ஆண்டுகள் உழைத்த அந்தக் கருவி தடுமாறத் தொடங்கும்போது, பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்ற கேள்வி மாதத் தவணை வடிவில் குடும்பத்தின் தலையில் இறங்குகிறது.

பழைய மடிக்கணினி மந்தமாவதற்குப் பெரும்பாலும் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் போதாத ரேமும்தான் காரணம். எஸ்.எஸ்.டி. பொருத்தி, ரேமைக் கூட்டி, பேட்டரியை மாற்றினால் புதிய கருவியின் விலையில் ஒரு பகுதியிலேயே மேலும் சில ஆண்டுகள் ஓடும். மதர்போர்டு பழுதானால்தான் கணக்கு மாறும்.

ஆனால், இந்தக் கணக்கைச் சுதந்திரமாகப் போடுவதற்குப் பெருநிறுவனங்கள் விடுவதில்லை. மெல்லிய வடிவம் என்ற பெயரில் பல மாடல்களில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகின்றன. சர்க்யூட் வரைபடமும் அசல் உதிரிபாகமும் தெருமுனைக் கடைக்காரருக்கு எளிதில் கிடைப்பதில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. இதனால் சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023இல் மதிப்பிட்டிருந்தது.

இயந்திரம் தேய்வதால் மட்டுமல்ல, மேம்பட்ட புதிய இயந்திரம் வருவதாலும் மதிப்பிழக்கிறது என்று ‘மூலதனம்’ நூலில் மார்க்ஸ் விளக்கினார். இன்றோ, தேயாத கருவியையும் ஓர் அறிவிப்பின் மூலம் மதிப்பிழக்கச் செய்கிறது ஏகபோக மூலதனம்.

அன்றைய சித்தூர் மாவட்டத்தின், இன்றைய திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீசிட்டியில் 2015லேயே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஷியோமி கைபேசிகள் தயாராகின. மின்னணுக் கருவிகளைப் பொருத்தும் உழைப்பை இந்த மண்ணிலிருந்து பெறும் மூலதனம், அவற்றைப் பழுது பார்க்கும் அறிவை மட்டும் பூட்டி வைக்கிறது.

ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் ‘பழுது பார்க்கும் உரிமை’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. இணையதளம் சட்டம் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியமோ 2024இல் இதற்கெனச் சட்ட நெறிமுறையையே நிறைவேற்றியது. நுகர்வோர் அமைப்புகளின் அழுத்தத்தால், அங்கு விண்டோஸ் 10க்கு ஓராண்டு கூடுதல் பாதுகாப்பை இலவசமாக வழங்க மைக்ரோசாப்ட் இணங்கியது. போராடிய இடத்தில் கிடைத்தது, போராடாத இடத்தில் தானாக வராது.

மாற்று வழியும் கண்முன் உள்ளது. கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளான லினக்ஸில் இயக்கிக் காட்டியது. விண்டோஸ் 11 ஒதுக்கிய கணினியிலும் லினக்ஸ் நன்றாகவே ஓடும்.

உதிரிபாகங்களையும் பழுது நீக்கக் கையேடுகளையும் நியாய விலையில் வழங்குவதைக் கட்டாயமாக்கும் சட்டம் வேண்டும். மென்பொருள் ஆதரவுக்குக் குறைந்தபட்சக் காலவரம்பு வேண்டும். இக்கோரிக்கைகளை மாணவர், வாலிபர் அமைப்புகள் கையிலெடுக்க வேண்டும். கல்லூரி வாயில்களில் லினக்ஸ் நிறுவும் முகாம்களையும் அவை நடத்தலாம். தன் கருவி எப்போது சாக வேண்டும் என்பதை உழைப்பவரே தீர்மானிக்கட்டும். லாபக் கணக்கு அல்ல.