கணனிக்கு வெளியே ஒரு பிரதி

பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்கள், தையல் கணக்கு, ஸ்கேன் செய்த காணி உறுதி எல்லாம் இன்று ஒரே கணனிக்குள். அது ஒருநாள் இயங்க மறுத்தால்? அதற்காகத்தான் வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க்.

கடைக்குப் போகுமுன், கணனியில் எத்தனை கிகாபைட் நிரம்பியுள்ளது என்று பாருங்கள். அதன் இரு மடங்கு கொள்ளளவு போதும். 1 டெராபைட் வாங்கினால் விண்டோஸில் 931 கிகாபைட் என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, தயாரிப்பாளர் 1000ஆலும் கணனி 1024ஆலும் கணக்கிடுவதே காரணம். ஆனால் 16 டெராபைட் என்று சில ஆயிரம் ரூபாவுக்கு விற்பவை போலி. பதிந்ததுபோல் காட்டும், பிறகு திறந்தால் படம் இராது.

சுழலும் தட்டுள்ள வகை விலை குறைவு. ஓடிக்கொண்டிருக்கையில் விழுந்தால் போயிற்று. எஸ்.எஸ்.டி. வகையில் அசையும் பாகமில்லை, வேகமும் விலையும் அதிகம். வருடக்கணக்கில் மின்னிணைப்பின்றிப் போட்டுவைத்தால் அதில் பதிந்தவை அழியக்கூடும். வீட்டுப் படங்களுக்கு முதல் வகையே போதும் என்பேன், சின்னவர்களின் கைக்கு எட்டாமல் வைப்பீர்களானால்.

பலர் படங்களை டிஸ்க்கில் போட்டதும் கணனியில் அழித்துவிடுகிறார்கள். அப்போதும் இருப்பது ஒன்றுதானே! இரண்டிடத்திலும் இருக்கட்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அல்பமும் உறுதியும் ஒரே அலுமாரியோடு போன வீடுகள் நம் கரையோரத்தில் எத்தனை! முடிந்தால் டிஸ்க்கை வேறு ஊரிலுள்ள தங்கை வீட்டில் வையுங்கள். போய்வரும்போது புதியவற்றைச் சேர்த்து, ஓரிரு படங்களைத் திறந்தும் பாருங்கள்.